எட்டு ஃபிரேம்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
வாடகை நாலாயிரம், வெள்ளித்தூசி இலவசம்.
ராத்திரி ஒன்றரைக்கு
ஒரு பெயரை எழுத்தெழுத்தாகப்
பிறக்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"டைப்ரைட்டர்ல அடிக்கிற மாதிரி வரோணும்,
தட்டு தட்டுனு சத்தம் கேக்கோணும்."
லாரி புக்கிங் ஆபீஸ் அங்கண்ணன் சொன்னது அவ்வளவுதான்.
அக்கா மகள் கல்யாணம். வாட்ஸப்பில் போகிற பத்திரிகை.
முப்பது நொடி. ஆயிரத்து இருநூறு. முன்பணம் இல்லை.

சுலபம்தான்.
தொடக்கத்தில் பூஜ்யம், முடிவில் நூறு,
இரண்டு கீஃபிரேம் வைத்தால்
நடுவில் உள்ளதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.
அதற்குத் தமிழ் தெரியாது என்பதுதான்.

மாப்பிள்ளை செங்கோட்டுவேல்.
முதலில் ச வந்து நிற்கும்.
எங்கிருந்தோ ஒரு கொம்பு முன்னால் நுழைந்து
அதை வலப்பக்கம் தள்ளும்,
பஸ்ஸில் துண்டு போட்டு வைத்தவன் போல.
ங வரும், கொஞ்ச நேரம் உயிரோடிருக்கும்.
புள்ளி விழும். உயிர் போய் வெறும் மெய்.
க-வை ஓகாரம் இருபுறமும் பிடித்துக்கொள்ளும்,
இரண்டு போலீஸ் ஒருவனைக் கூட்டிப்போவது போல.
எல்லாவற்றையும் உடைத்து
எழுத்துக்கொரு லேயர் போட்டுக் கையால் கோர்த்தேன்.
கீழே முத்து கோர்க்கும் பொன்னுருவிகூட
இவ்வளவு கண்ணைச் சுருக்கியிருக்க மாட்டாள்.

சத்தமும் அப்படித்தான்.
இணையத்தில் கிடைத்தது வெளிநாட்டு மிஷின்,
வரி முடிந்தால் மணியடித்தது.
சேகண்டி என்பார்கள். வேண்டாம்.
சாயந்தரமே போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி
பட்டறையில் கொக்கி தட்டும் சுத்தியலைப் பிடித்து வைத்திருந்தேன்.
நடுவில் யாரோ இருமியதை வெட்டிவிட்டேன்.

அனுப்பிய பத்தாவது நிமிடம் அங்கண்ணன்.
லாரிக்காரர்கள் தூங்குவதில்லை.
பொடி வைத்து ஊதுவது கீழே நடக்கும் தொழில்,
பொடி வைத்துப் பேசுவது இவருடையது.
"நல்லாத்தான் இருக்குது கண்ணு.
மொத எழுத்தத்தான் நாலு பேரு பாத்தா..."
மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
மணமகள் சாருமதி.
திரையில் எட்டு ஃபிரேம், தன்னந்தனியாக, பொன்னிறத்தில்:
சா.

நொடியில் மூன்றில் ஒரு பங்கு.
அதற்குள் யாரும் செத்துப்போவதில்லை.
இருந்தாலும் சாவையும் ருவையும் சேர்த்து
ஒரே தட்டாகத் தட்டினேன்.

பிறகு ஒரு புது எண்.
"அக்கா, நான் சாருமதி. மாமா சொல்றத விடுங்க.
இருபத்தாறு வருஷமா எல்லா ரிஜிஸ்டர்லயும்
என் பேரு அப்படித்தான் ஆரம்பிக்குது. ஒண்ணும் ஆகல.
என் பேருக்கும் அவரு பேருக்கும் நடுவுல
ஒரு கோடு கண்ணடிக்குதே,
அது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?"

எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
டைப் செய்கிறார் என்று வந்தது. நின்றது.
டைப் செய்கிறார். நின்றது.
எந்த மென்பொருளிலும் இல்லாத எஃபெக்ட்.
பதில் வரவில்லை.

பின்னணியில் ஏற்காடு, லேடீஸ் சீட்.
கைப்பிடிக் கம்பியருகே அவள், முதுகு காட்டி.
ஓரத்தில் மாப்பிள்ளை
செல்போனைச் சட்டையில் துடைக்கிறான்.
கீழே சேலம், விளக்கு விளக்காக.
மூடுபனி ஏறி வந்து
முதலில் ஜங்ஷனை, அப்புறம் ஐந்து ரோட்டை,
கடைசியில் நான் உட்கார்ந்திருக்கும் இந்தப் பேட்டையை
ஒவ்வொன்றாக அழிக்கிறது.
கணக்குப் பார்த்தேன். நாலு நொடி.

சாவையும் ருவையும் மறுபடி பிரிக்கவில்லை,
அங்கண்ணன் பணம் தர வேண்டியவர்.
ஆனால் நாலு நொடி கொடுத்தேன். நூறு ஃபிரேம்.
சாருமதி. பக்கத்தில் ஒரு கோடு
வரும், போகும், வரும்.
சுத்தியல் சத்தம் இல்லை.

காலையில் அங்கண்ணன் கூப்பிட்டார்:
"நடுவுல கொஞ்சம் நின்னு நின்னு போவுது,
நெட்டு சரியில்லையாட்ட இருக்குது."
ஆமாங்க, நெட்டுதான் என்றேன்.
ஆயிரத்து இருநூறு இன்னும் வரவில்லை.